புடைவைக் கடைக்காரரின் கணக்கேடு: ‘மடாம் பொவாரி’ வாசிப்புகளுக்கு ஒரு மறுப்பு

பிரெஞ்சு நாவலிலக்கியம் பற்றிய உரையாடல் எங்குத் தொடங்கினாலும் சிறிது நேரத்திற் குஸ்தாவ் புளோபேரின் ‘மடாம் பொவாரி’ வந்து நிற்கும். வந்து நின்ற மறுகணமே தீர்ப்பும் கூறப்பட்டுவிடும். கதைப் புத்தகங்களை மிகுதியாக வாசித்துக் கனவுலகிற் சஞ்சரித்த ஒரு கிராமத்து வைத்தியனின் மனைவி, கணவனிடத்துச் சலிப்புற்று, இருவரை அடுத்தடுத்துக் காதலித்து, இருவராலும் கைவிடப்பட்டு, ஈற்றில் நஞ்சுண்டு மாண்டாள் என்பது கதைப்பின்னல். மிதமிஞ்சிய கற்பனை மனிதரை அழிக்கும் என்பது கருப்பொருள். விரிவுரைக் குறிப்புகளிலும் வாசகர் வட்டங்களிலும் பரீட்சை விடைகளிலும் இவ்விரு வாக்கியங்களே சிற்சில சொல் மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகின்றன. நாவலைப் பாராட்டுவோரும் இதையே கூறுகின்றனர். பழிப்போரும் இதையே கூறுகின்றனர். ஒரு படைப்பைப் பற்றி நண்பரும் பகைவரும் ஒரே வாக்கியத்தைக் கூறும்போது அவ்வாக்கியத்தைச் சந்தேகிப்பது விமர்சகனின் முதற் கடமையாகும்.

இச்சுருக்கம் முழுமையற்றது என்று சொன்னாற் போதாது. அது பிழையானது. இந்நாவலிற் காதலால் எவரும் சாகவில்லை, சார்ல் பொவாரி ஒருவனைத் தவிர. எம்மாவைச் சாவை நோக்கித் தள்ளியது, 24 மணித்தியாலத்துள் 8,000 பிராங்கு செலுத்துமாறு விதித்த நீதிமன்றக் கட்டளை. அக்கட்டளைக்குப் பின்னால் ஒரு புடைவைக் கடைக்காரர் நிற்கிறார். அவர் பெயர் லெரோ; பிரெஞ்சு மொழியில் அப்பெயர் ‘மகிழ்ச்சியுடையோன்’ எனப் பொருள்படும். நாவலாசிரியர் இவ்வளவு வெளிப்படையாக நகைத்த பின்னரும் கதைப்பின்னலைக் கூறப் புகுவோர் லெரோவின் பெயரை உச்சரிக்காமலே கூறி முடித்துவிடுகின்றனர்.

இம்மறதி தற்செயலானதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு ஒரு நீதிமன்றத்தில் ஆரம்பிக்கின்றது. 1856 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘றெவ்யூ த பாரி’ என்ற சஞ்சிகையில் நாவல் தொடராக வெளிவந்தது. பதிப்பாளர்கள் அஞ்சி வண்டிக் காட்சியை நீக்கியபோதிலும், 1857 ஜனவரியில் ஆசிரியரும் சஞ்சிகைப் பொறுப்பாளரும் அச்சகத்தாரும் பொது ஒழுக்கத்தையும் சமயத்தையும் நிந்தித்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் நிறுத்தப்பட்டனர். அரச தரப்பில் வழக்கை நடத்தியவர் ஏர்னெஸ்ற் பினார். ஒரு மாகாணப் பெண்ணின் விபசாரங்களின் கதை என்பதே நூலுக்கு ஏற்ற பெயர் என்பது அவர் கருத்து. எதிர்த்தரப்பில் வாதாடிய ஜூல் செனார் என்ன கூறினார்? தீமையின் கொடூரத்தைக் காட்டி நன்மையின்பால் ஈர்ப்பதே நூலின் நோக்கம் என்றார். ஆழ்ந்து நோக்குமிடத்து இருவர் வாதமும் ஒன்றே. கதை ஒரு பெண்ணின் ஒழுக்கக்கேட்டைப் பற்றியது என்பதில் இருவருக்கும் உடன்பாடு. அவளுக்கு அளிக்கப்பட்ட தண்டனை போதுமானதா என்பதில் மட்டுமே முரண்பாடு. பெப்ரவரி 7ஆந் திகதி நீதிமன்றம் கண்டித்து விடுதலை செய்தது. புளோபேர் நன்றியறிதலாக நூலைச் செனாருக்குச் சமர்ப்பித்தார். வழக்கறிஞருக்கு நன்றி கூறுவது வேறு; அவருடைய வாதத்தை இலக்கிய விமர்சனமாக ஏற்றுக்கொள்வது வேறு. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் இரண்டாவதையே செய்து வந்துள்ளனர்.

பினார் மூடரல்லர் என்பதையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். இந்நூலில் அப்பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுள்ள பாத்திரம் ஒன்றுதானும் உண்டா என்று அவர் வினவினார். அது கூரிய வினா. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் போதலேரின் கவிதைத் தொகுதிமீது வழக்குத் தொடுத்து ஆறு கவிதைகளைத் தடைசெய்வித்தவரும் அவரே. அபாயமான நூல்களை இனங்காண்பதில் அவருக்கிருந்த மோப்பம் பல பேராசிரியர்களுக்கு இல்லை. கணவன் மந்தபுத்தியுடையவன், பாதிரியார் தம் பசுக்களையும் சிறுவர்களையும் தவிர வேறெதையும் அறியாதவர், மருந்துக்கடைக்காரர் ஓமே வாயாடி, காதலர்களோ கோழைகள்: இவர்களுள் எவர் எழுந்து எம்மாவுக்கு நீதி சொல்வது? கதைசொல்லியும் சொல்லவில்லை. அவளது உள்ளத்தின் பேச்சை மேற்கோட் குறியின்றி, ‘என்று நினைத்தாள்’ என்ற வேலியுமின்றி, தன் வாக்கியத்துக்குள்ளேயே ஓடவிடுகிறான் அவன். எம்மா கண்ணாடி முன் நின்று தன் புதிய காதலை எண்ணிப் பூரிக்கும் பகுதியைப் பினார் ஆசிரியரின் சொந்தக் கூற்றாகவே கொண்டு கொதித்தார். ஹான்ஸ் ரொபேர்ட் யவுஸ் 1967இற் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இத்தவறை எடுத்துக்காட்டி, புதிய வடிவமொன்று வாசகரின் பழைய தீர்ப்பு முறைகளை எவ்வாறு செயலிழக்கச் செய்கின்றது என விளக்கினார். ஆனால் யவுஸை மேற்கோள் காட்டும் வாசகர்கூடக் கதையைச் சுருக்கிச் சொல்லும்போது பினாரின் சுருக்கத்தையே சொல்கிறார் என்பதுதான் விசித்திரம்.

‘நாவல் வாசிப்பே அவளைக் கெடுத்தது’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். இது புளோபேரின் கருத்து என்று நம்புவோர் நூலின் இரண்டாம் பாகத்தைக் கவனமாக வாசித்தல் நன்று. அங்கே இக்கருத்தை வெளியிடுபவர் ஒரு பாத்திரம், எம்மாவின் மாமியார். மருமகளின் நோய்க்கு மருந்து உடலுழைப்பே என்றும், அவள் வாசிக்கும் நாவல்களை நிறுத்த வேண்டுமென்றும் மகனிடம் கூறும் அவ்வம்மையார், ரூவான் நகர் வழியே செல்லும்போது வாடகை நூலகத்துக்குப் போய்ச் சந்தாவை நிறுத்திவிடும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார். புத்தகக் கடைக்காரன் தன் நச்சுத் தொழிலைக் கைவிடாவிடிற் பொலிசாரிடம் முறையிடலாமல்லவா என்பதும் அங்கேயே வருகின்றது. அவர் புறப்பட்டுச் செல்லும் நாள் யோன்வில் ஊரின் சந்தை நாள். சாளரத்தில் நின்று சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த எம்மாவின் கண்ணில் ரொடோல்ப் முதன்முதலாகப் படுவதும் அன்றுதான். நாவல்கள் வாசலால் வெளியேற்றப்பட்ட அன்றே காதலன் அதே வாசலால் உள்ளே வருகிறான்! ஆசிரியர் எவ்வளவு நிதானமாக மாமியாரின் கோட்பாட்டைப் பொய்ப்பிக்கிறார் என்பதைக் கவனியாது, அக்கோட்பாட்டையே நூலின் கருப்பொருளாக எழுதி வைப்பவர் மாமியாரின் வழக்கறிஞராகிவிடுகிறார்.

நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதும் அவ்வாறே. புத்தகக் கடையிலிருந்து அது வரவில்லை. ஊரின் அறிவுச்சுடராகத் தன்னைக் கருதிக்கொள்ளும் ஓமேயின் மருந்துக்கடையிலிருந்து வந்தது. மூன்றாம் பாகத்திலே, பழப்பாகு காய்ச்சுவதற்குத் தவறான இடத்திலிருந்து பாத்திரத்தை எடுத்துவிட்ட வேலைக்காரப் பையன் ஜுஸ்தேனை ஓமே எல்லோர் முன்னிலையிலும் ஏசுகிறார். நீலக் குப்பி, மஞ்சள் மெழுகு முத்திரை, உள்ளே வெண்ணிறத் தூள், அது ஆசெனிக் என்று எம்மா கேட்கும்படி ஒவ்வொன்றாகக் கூறுகிறார். அவ்வேளையிலேயே பையனின் சட்டைப்பையிலிருந்து தாம்பத்தியம் பற்றிய ஒரு புத்தகம் கீழே விழுகின்றது. உடனே ஓமேயின் சினம் எல்லை கடக்கின்றது. அது தம் குழந்தைகளின் கையிற் பட்டிருந்தால் என்னாவது என்று பதறுகிறார். நஞ்சிருக்கும் தட்டைப் பெண்ணொருத்திக்குக் காட்டிக் கொடுத்த அதே நிமிடத்தில் அவர் அஞ்சியது புத்தகத்துக்கு. பின்னர் எம்மா இருளில் நேரே அத்தட்டுக்குச் செல்வது அந்த விரிவுரையின் பயனாகத்தான். புத்தகமே நஞ்சு என்று இன்றும் பேசுவோர் ஓமேயின் பக்கத்தில் நின்று பேசுகின்றனர் என்பதை அறிந்தாவது பேசலாம்.

இனிக் கணக்கேட்டுக்கு வருவோம். லெரோ யோன்விலில் எம்மாவை முதலிற் சந்திக்கும்போதே, பணம் அவசரமில்லை என்று சொல்லி வைக்கிறார். ரொடோல்ப் வருவதற்கு முன்பே, லெயோன் ஊரைவிட்டுப் போன துயரில், அவள் ஒரு கோதிக் பாணிப் பிரார்த்தனைப் பீடம் வாங்குகிறாள். நகங்களை மெருகிட ஒரே மாதத்தில் 14 பிராங்குக்கு எலுமிச்சம்பழம் வாங்குகிறாள். லெரோவின் கடையில் மிகச் சிறந்த கழுத்துச் சால்வையைத் தெரிந்தெடுக்கிறாள். எனவே கடன் காதலின் பின்விளைவு என்பது காலவரிசைக்கே பொருந்தாது. காதலற்ற வெறுமையிலேயே கடை நுழைந்துவிட்டது. ஆடம்பரம் தரும் புலனின்பத்தையும் உள்ளத்தின் மகிழ்வையும் அவள் ஒன்றெனக் கொண்டாள் என்று ஆசிரியரே ஓரிடத்திற் சுட்டுகிறார். அந்தக் குழப்பத்தை அவளுக்குக் கற்பித்தது நாவல்கள் மட்டுமன்று. வோபியேசார் மாளிகையின் ஒரேயொரு இரவு விருந்தும், கடைச் சாளரங்களும், சஞ்சிகைகளின் நாகரிகப் படங்களும், லெரோவின் மூட்டைகளும் சேர்ந்து கற்பித்தன.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. முதற் பெருங்கடன் பத்திரத்திற் கையொப்பமிட்டவர் எம்மா அல்லள், சார்ல். ரொடோல்ப் கைவிட்டதால் எம்மா நோயுற்றுக் கிடந்த நாட்களில், அவளைக் காப்பாற்றும் செலவுக்காக, எந்தப் பாவமும் அறியாத அக்கணவன் லெரோவிடம் கடன் பெறுகிறான். 1,070 பிராங்குக்கு ஒரு பத்திரம். முன்னைய 180உடன் சேர்த்து 1,250. ஆறு வீத வட்டி, அதற்குமேற் காற்பங்கு தரகு, விற்ற பொருள்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இலாபம் எனப் பன்னிரண்டு மாதத்தில் 130 பிராங்கு இலாபம் வருமென்று லெரோ மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறார். பத்திரம் உரிய நாளில் மீட்கப்படாமற் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகவேண்டும் என்பது அவருடைய பிரார்த்தனை. தம் சிறு பணம் வைத்தியர் வீட்டிற் சுகவாசம் செய்து கொழுத்துத் திரும்பிவரும் என்று அவர் காணும் கனவு, நாவலில் வரும் எல்லாக் கனவுகளிலும் நனவாகிய ஒன்றாகும். எம்மாவின் கனவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்கள் லெரோவின் கனவைப் பற்றி ஒரு வரிதானும் எழுதுவதில்லை. கற்பனை மனிதரை அழிக்கும் என்றால் லெரோ ஏன் அழியவில்லை?

பிறகு வருவது அற்றோணித் தத்துவம். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவையின்படி மணமான பெண் கணவனின் அதிகாரமளிப்பின்றி ஒப்பந்தஞ் செய்யவோ சொத்தைக் கைமாற்றவோ இயலாதவள். கணவனுக்குக் கீழ்ப்படிதல் அவள்மீது சட்டம் சுமத்திய கடமை. 1816இல் நீக்கப்பட்ட விவாகரத்து 1884இலேயே மீண்டும் வந்தது. ஆகவே எம்மாவுக்கு அவ்வழியும் இல்லை. 1810இன் தண்டனைக் கோவை விபசாரஞ் செய்த மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை விதித்தது. கணவனுக்கோ, வைப்பாட்டியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தால் மட்டும், தண்டம். இத்தகைய சட்டத்தின் கீழ் ஒரு பெண்ணுக்குக் கடன் கொடுப்பது வியாபாரிக்கு ஆபத்து. எனவே சார்லின் தந்தை இறந்த வேளையில் லெரோ வந்து அற்றோணித் தத்துவம் பற்றி எம்மாவின் காதில் ஓதுகிறார். அதைப் பற்றி லெயோனிடம் ஆலோசனை பெறவென்றே அவள் ரூவானுக்கு மூன்று நாட் செல்கிறாள். லெயோனுடனான உறவு முழுமை பெறும் அம்மூன்று நாட்களும் ஒரு சட்டப் பத்திரத்தின் பெயரில் நிகழ்ந்தவை. காதற்கதை கடன்கதையை இழுத்துச் செல்கிறது என்போர் இவ்விடத்தில் எது எதை இழுக்கிறது என்று பார்க்கட்டும். அவள் வாழ்நாளிற் பெற்ற ஒரே சட்டபூர்வமான சுதந்திரம், கடன்படுவதற்கான சுதந்திரம். அதைப் பெற்றுக் கொடுத்தவர் கடன் கொடுப்பவர்.

மாமனார் விட்டுச் சென்ற பார்ன்வில் நிலத்தை 4,000 பிராங்குக்கு வாங்க ஆள் கொண்டு வருபவரும் அவரே. பாதிப் பணம் கைக்கு வந்ததும் அவள் கணக்கைத் தீர்க்க முனைகிறாள். இவ்வளவு பணத்தை ஒரேயடியாக விட்டுக்கொடுப்பதைக் காணத் தமக்கு மனம் வரவில்லை என்று இரங்குகிறார் லெரோ. முடிவில் ஆயிரம் ஆயிரமாக நான்கு பத்திரங்களில் அவள் கையொப்பமிடுகிறாள். அவற்றை ரூவானிலுள்ள வென்சார் என்ற நண்பர் மாற்றித் தருவதாகச் சொல்லி, தரகும் கழிவும் என 200 பிராங்கு குறைத்துக்கொண்டு மிகுதியைத் தருகிறார். பின்னர் வழக்கு வருவது வென்சாரின் பெயரில்; லெரோ கைகளை விரித்துத் தமக்கு ஒன்றும் தெரியாதென்கிறார். லெயோனுடன் அவள் நடந்து செல்வதை ரூவானில் ஒருநாள் அவர் கண்டதுண்டு. ஊரிற் சொல்லிவிடுவாரோ என்று அவள் நடுங்கினாள். அவர் அவ்வளவு அறிவிலியல்லர். மூன்று நாள் கழித்து வந்து பணங் கேட்டார். அவளது இரகசியமே அவருக்கு ஈடு. கள்ள உறவு இந்நாவலிற் செய்யும் வேலை இதுதான்: அது பாவமாக நின்று தண்டனையைக் கொண்டுவரவில்லை; பிணையாக நின்று கடனை வளர்க்கின்றது. நொத்தாரிசு கியோமேனும் லெரோவும் மறைவிற் கூட்டு என்பதையும், ஈட்டுக் கடன்களுக்கான மூலதனம் புடைவைக் கடையிலிருந்தே அவருக்கு வந்தது என்பதையும் ஆசிரியர் போகிற போக்கிற் சொல்கிறார். உதவி தேடி எம்மா அந்த நொத்தாரிசின் வீட்டுக்குப் போகும்போது, அவள் தன் கடன்காரனின் பின்கதவையே தட்டுகிறாள்.

இவ்வாசிப்புக்கு எதிராகக் கூறக்கூடிய வலிமையான சான்று ஒன்று உண்டு. 3,000 பிராங்கு கேட்டு ரொடோல்பிடம் சென்று வெறுங்கையுடன் திரும்பும் எம்மா, வயல்வெளியிற் பித்துப் பிடித்தவளாக நடந்து வரும் தறுவாயில், தான் துன்புறுவது காதலால் மட்டுமே என்று உணர்கிறாள். பார்த்தீர்களா, பணமன்று, காதலே என்று எதிர்வாதிகள் இவ்விடத்தைக் காட்டுவர். காட்டட்டும், ஆனால் வாக்கியத்தை முழுதாகக் காட்டட்டும். தன் கொடிய நிலைக்குக் காரணமானதை, அதாவது பணப் பிரச்சினையை, அவள் மறந்துவிட்டாள் என்பதே அங்கு கதைசொல்லி முதலிற் கூறுவது. காரணம் எது என்பதை அவன் தன் வாயாற் கூறுகிறான், மறந்தவள் எம்மா. இந்நாவலின் மிக நுட்பமான இடம் இதுவென்றே கருதவேண்டியுள்ளது. பாத்திரம் மறப்பதை வாசகன் மறக்கக்கூடாது என்பதற்காகவே கதைசொல்லி இடையிற் புகுந்தான். அப்படியிருந்தும் வாசகர்கள் அவளோடு சேர்ந்து மறந்துவிடுகின்றனர். ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவோ, யாரோ சொல்லக் கேட்டோ இந்நாவலை அறிந்த நம்மவர், கதையைத் தமிழிற் சொல்லும்போது இத்தகைய இடைவாக்கியங்களே முதலில் உதிர்ந்துவிடுகின்றன என்பதும் கவனத்துக்குரியது.

ஒழுக்கவாதிகளை விட்டுவிடலாம், அவர்களிடம் எதிர்பார்க்கத்தக்கது அவ்வளவே. சமூகவியல் நோக்கில் இலக்கியத்தை அணுகுவோராவது இக்கணக்கேட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டுமல்லவா? அங்கும் ஏமாற்றமே. ஜோர்ஜ் லூக்காச் 1936இல் எழுதிய, எடுத்துரைத்தலா விவரித்தலா என்று வினவும் புகழ்பெற்ற கட்டுரையில், புளோபேரின் விவசாயக் கண்காட்சிக் காட்சியை வெறும் பின்புல வருணனைக்கு உதாரணமாக்கினார். தோல்ஸ்தோயிலும் பல்சாக்கிலும் நிகழ்ச்சிகள் பாத்திரங்களின் விதியோடு பிணைந்திருக்க, இங்கே பாத்திரங்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுகின்றனர் என்பது அவர் வாதம். அக்கட்டுரையைப் படித்த அளவுக்கு அக்காட்சியைப் படிக்காத பலர் இதனை வேதவாக்காகக் கொண்டுள்ளனர்.

கண்காட்சி அத்தியாயம் எவ்வாறு ஆரம்பிக்கின்றது? மேடையில் அதிகாரிகள் ஏறுமுன், விடுதிக்காரப் பெண் ஓமேயிடம் ஊர்ப் புதினம் சொல்கிறாள்: எதிரே கோப்பிக்கடை வைத்திருந்த தெலியேயின் சொத்து ஜப்தி செய்யப்படப் போகிறது; கடன்பத்திரங்களாலே அவனைக் கொன்றவர் லெரோ. அப்பேச்சின் நடுவே லெரோவே அவ்வழியாகப் போகிறார். ரொடோல்பின் கைகோத்து எம்மாவும் போகிறாள். ஒரே பார்வையில் மூவரும்! எம்மாவின் முடிவு முழுவதும் வேறொருவனின் வாழ்வில் முன்கூட்டியே நடந்து முடிந்து, ஊர்வம்பாகச் சொல்லப்பட்டும்விட்டது. இதைவிட இறுக்கமாக ஒரு சமூகக் காட்சியைக் கதாநாயகியின் விதியோடு பிணைக்க எந்த யதார்த்தவாதியால் இயலும்? பாத்திரங்கள் பார்வையாளராக இருக்கின்றனர் என்றால், தங்கள் அழிவு தங்கள் கண்முன்னே ஊர்வலம் போவதையும் அறியாத பார்வையாளராக இருக்கின்றனர் என்பதே அதன் பொருள்.

அதே அத்தியாயத்திற்றான் கத்தரீன் லெரூ மேடையேறுகிறாள். ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் ஊழியஞ் செய்த அக்கிழவிக்கு 25 பிராங்கு பெறுமதியுள்ள வெள்ளிப் பதக்கம் பரிசு. காதும் கேளாமல், கூட்டத்தைக் கண்டு அஞ்சி, அவள் அங்கே நிற்கும் அச்சிறு பொழுதில் ஆசிரியரின் எள்ளல் முற்றாக அடங்கிவிடுகின்றது. தேய்ந்து வெடித்த அவள் கைகளின் மீது மட்டும் பார்வை நிலைக்கின்றது. பதக்கத்தைப் பாதிரியாரிடம் கொடுத்துத் தனக்காகப் பூசை செய்விக்கப் போவதாக அவள் முணுமுணுக்கிறாள். 54 ஆண்டுகளுக்கு 25 பிராங்கு என்ற இவ்விரு எண்களையும் 8,000 என்ற எண்ணுக்கு அருகில் வைத்து வாசித்தவர் எத்தனை பேர்? எம்மாவுக்காகக் கண்ணீர் வடிப்போரும் இக்கூட்டலைச் செய்யவேண்டும். அவள் நகத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழமே அப்பதக்கத்தின் பாதி விலைக்கு மேற்பட்டது. எம்மாவை நிரபராதியாக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தன் குழந்தையை முழங்கையால் தள்ளிக் காயப்படுத்தியவளும் அவளே. இப்பொலீத்தின் வளைந்த பாதத்தை அறுக்குமாறு, முழு வைத்தியன் அல்லாத, நம்மூரில் ஒரு காலத்தில் அப்போதிக்கரி எனப்பட்டவரோடு ஒப்பிடத்தக்க தகுதியே கொண்ட தன் கணவனை ஓமேயுடன் சேர்ந்து தூண்டியவளும் அவளே. அக்காலும் போயிற்று. மரக்கால் வந்தது லெரோவின் மூலம். விலை 300 பிராங்கு. ஊரிலே ஒருவன் முடமானாலும் கணக்கேட்டில் ஒரு வரி கூடுகின்றது.

புளோபேர் முற்போக்காளரல்லர் என்ற ஆட்சேபம் உடனே எழும். உண்மையே. பூர்ஷ்வாக்களை வெறுத்த அவர் சோசலிசவாதிகளையும் வெறுத்தார். 1871இன் பாரிஸ் கொம்யூன் மீது அவருக்கு இரக்கம் இருந்ததில்லை. ஆனால் 1888இல் மார்கரெற் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கல்ஸ், முடியாட்சி ஆதரவாளரான பல்சாக் தம் சொந்த அரசியற் சார்புக்கு எதிராகவே உண்மையைக் கண்டார் என்று பாராட்டியதை ஒவ்வொரு கருத்தரங்கிலும் எடுத்தோதுவோர், அதே நியாயத்தைப் புளோபேருக்கு வழங்க மறுப்பது எந்த இயங்கியலுக்கு உட்பட்டது? இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பொன்று 1886இல் வெளிவந்தது. அதைச் செய்தவர் எலினோர் மார்க்ஸ். கார்ல் மார்க்ஸின் இளைய மகள். தொழிற்சங்க மேடைகளில் நின்ற ஒரு பெண் தன் நேரத்தை இதற்குச் செலவிட்டதற்குக் காரணம் இருந்திருக்கவேண்டும் என்றாவது நம் கோட்பாட்டாளர் சிந்தித்திருக்கலாம். 1898இல் எலினோர் நஞ்சருந்தி மறைந்தார் என்பதைக் கொண்டு, மொழிபெயர்த்த நாவலே அவரைக் கொன்றது என்று கதைகட்டுவோரும் உளர். மாமியாரின் கோட்பாடு எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது!

உளவியற் பெயர் சூட்டியோரின் பங்கும் குறைவன்று. ஜூல் த கோத்தியே 1892இல் ‘பொவாரிஸம்’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். மனிதன் தன்னைத் தான் அல்லாத வேறொருவனாகக் கருதிக்கொள்ளும் இயல்பு அது. சிந்தனைக்குரிய கருத்தே. ஆயின் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தவுடன் நோயாளியின் வீட்டு வாசலில் நிற்கும் கடன்காரன் கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டான். தன்னைத் தான் அல்லாத ஒருவராகக் கருதிக்கொள்வதில் ஓமேயை வெல்ல இந்நாவலில் எவருமில்லை. அவருக்கு அதற்குக் கிடைத்தது நஞ்சன்று, அரசின் கௌரவப் பதக்கம். நாவலின் கடைசி வாக்கியம் அதைத்தான் அறிவிக்கின்றது. அப்படியானால் ஒரே இயல்பு ஒருவரை உயர்த்தி மற்றவரை ஏன் வீழ்த்தியது? அவ்வினாவுக்கு உளவியலில் விடையில்லை. ஓமே தம் கனவை விற்றார். எம்மா தன் கனவை விலைகொடுத்து வாங்கினாள்.

விதி என்று சொல்லி முடிப்போரும் இருக்கின்றனர். ஊழ்வினையில் ஊறிய நமது மரபில் அது எளிதாக வாயில் வரும் சொல். அவர்களுக்குப் புளோபேர் தாமே விடையளித்துவிட்டார். எல்லாம் முடிந்தபின் ரொடோல்பைச் சந்திக்கும் சார்ல், இதற்கு விதியே காரணம் என்கிறான். அவன் வாழ்நாளிற் சொன்ன ஒரே பெரிய வார்த்தை அது என்று கதைசொல்லி குறிப்பிடுகிறான். ஆனால் அந்த வார்த்தை அவனுடையதன்று. எம்மாவைக் கைவிட்டு எழுதிய கடிதத்தில் ரொடோல்ப் முன்னமே அதைப் பயன்படுத்தியிருந்தான். நல்ல பலன் தரும் சொல் என்று தனக்குள் மெச்சியும்கொண்டான். ஏமாற்றியவன் கடைச்சரக்காக எழுதியதை ஏமாந்தவன் தத்துவமாகச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் ரொடோல்புக்கு அது நகைப்பூட்டுகின்றது.

இக்கதைப்பின்னலைக் கடைசிவரை பின்தொடர்வோர் மிகச் சிலர். எம்மாவின் மரணத்தோடு நூலை மூடிவிடுவோரே பலர். பினாரும் தம் குற்றப் பட்டியலை அவள் மரணத்தோடுதான் முடித்தார். ஆனால் அவள் இறந்த பின்பும் கடன் இறக்கவில்லை. லெரோ மீண்டும் வென்சாரை ஏவுகிறார். இசை கற்பித்ததாகச் சொல்லிக்கொண்டு, ஒருநாளும் கற்பிக்காத பாடங்களுக்கு ஒருத்தி பணங் கேட்கிறாள். வாடகை நூலகமும் தன் பங்குக்குச் சந்தாப் பணம் கேட்கிறது. சார்ல் பொருள் பொருளாக விற்றுக் கொடுத்து, ஒருநாள் தோட்டத்து வாங்கில் உட்கார்ந்தபடியே செத்துப் போகிறான். எல்லாம் விற்கப்பட்டபின் எஞ்சியது 12 பிராங்கும் 75 சதமும். அப்பணம் அவர்களின் மகள் பேர்த்தை அவளது பாட்டியிடம் அனுப்பும் பயணச் செலவுக்குப் போதுமாயிற்று. அதே ஆண்டிற் பாட்டியும் இறந்தாள். தாய்வழிப் பாட்டன் ரூவோ வாத நோயில் விழுந்திருந்தார். ஏழையான ஓர் அத்தை பிள்ளையைப் பொறுப்பேற்று, தன் சீவனத்தைத் தானே தேடிக்கொள்ளும்படி ஒரு பஞ்சாலைக்கு வேலைக்கு அனுப்புகிறாள்.

பேர்த் ஒரு நாவலையும் வாசித்தவளல்லள். எவரையும் காதலிக்கும் வயதும் அவளுக்கு வரவில்லை. யோன்விலிலோ லெரோ புதிய வண்டிச் சேவையொன்றைத் தொடங்கியிருந்தார்.